நாலாவது தாள்

பெற்றோர் வருவதற்குள் எல்லாப் படங்களையும் தொட்டுச் சரிசெய்துவிடுவது எமல்டா மிஸ்ஸின் வழக்கம். மயிலின் கழுத்தோ மாமரத்தின் நிழலோ, வீட்டுக்குப் போகும் படத்தில் பாதி அவர் கைதான். அன்று வரைந்து காட்டத் தெம்பில்லை. "இன்னிக்கு என்னையே வரைங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். மாடி ஓவிய வகுப்பில் நாலே பேர்: மூன்று பிள்ளைகள், தபால் ஆபீஸ் வேலை முடிந்து நேரே வரும் கோதைநாயகி. கீழே ஸ்கூட்டர் ஹாரன் கேட்டபோதுதான் தூங்கிப்போனது தெரிந்தது. எழுந்துபோய்த் தாள்களைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்து, கண்ணை மூடிக் கிடக்கும் மிஸ்ஸை நாலு பேரும் வரைந்திருந்தார்கள். அம்மாக்கள் படியேறும் சத்தம் கேட்டது. மிஸ் ரப்பரையும் பென்சிலையும் எடுத்தார். பிள்ளைகளின் தாள்களில் வாயை மூடினார், இமைகளை அழித்துக் கண்களைத் திறந்தார். மூன்று தாளிலும் மிஸ் பளிச்சென்று விழித்துக்கொண்டார். நாலாவதற்குக் கை நீட்டியபோது கோதைநாயகி அதன்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போக யாரும் வரமாட்டாங்க. இதுலயாவது தூங்குங்க மிஸ்."