முன்னணையில் அழுத குழந்தை

"பொம்மை வேணாமாம். உயிரோட ஒரு குழந்தைதான் வேணுமாம். கேட்டீங்களா கூத்தை?"

பாஸ்டரம்மா பொருமிக்கொண்டிருந்தார். பொருமாமல் என்ன செய்வார்? அண்ணனூர் சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில், வருஷா வருஷம் வைக்கோல் போட்ட முன்னணைத் தொட்டியில் குழந்தை இயேசுவாகப் படுத்திருப்பது அவர் வீட்டு பிளாஸ்டிக் பொம்மை. எண்பத்தெட்டாம் வருஷம் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், சண்டே ஸ்கூல் நடத்தும் சுசீலா டீச்சர்.

"எதுக்குன்னு புரியலையா? கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, மடியில ஒண்ணுமில்ல. நாடகத்தைச் சாக்கா வச்சு அடுத்தவ குழந்தையைத் தூக்கிக் கொஞ்சணும். அவ்வளவுதான்."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அடியோடு பொய் என்றும் சொல்லிவிட முடியாதே. தெருவில் எந்தக் குழந்தை போனாலும் சுசீலாவின் கண் அதன் பின்னாலேயே போகும். ஊருக்கே தெரிந்த விஷயம்.

அதிலும் அவள் கேட்டது யார் குழந்தையை? எதிர்வீட்டு ராணியின் கைக்குழந்தையை. ஆடி பிறந்தால் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம். போதாக்குறைக்குப் பெண் குழந்தை வேறு.

ராணியின் புருஷன் தசரதன் மைக் செட் வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சர்ச் நாடகம் எல்லாம் அவன் செட்தான். தசரதன் என்று பேர் வைத்த ராசிக்கு நாலும் ஆண்பிள்ளையாகப் பிறக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தான். நாலும் பெண். நாலாவதுக்கு 'வேண்டா' என்று பேரைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவன்தான். ஐந்து மாதமாகியும் தொட்டுத் தூக்கவில்லை.

சுசீலா வந்து கேட்டதும் ராணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அதோட நைனாவே தூக்க மாட்டேன்னுது டீச்சரு. நீயாவது தூக்கு. இந்தா."

நீட்டிய குழந்தையை சுசீலா வாங்கவில்லை.

"நான் வேணாம் ராணி. நாடகத்தன்னிக்கு நீயே கொண்டாந்து படுக்க வச்சிடு."

பாஸ்டரம்மா சும்மா இருப்பாரா? ராணியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை இல்லாதவ கண்ணு பொல்லாதது. பாத்துக்கோ."

பைபிளும் கையுமாக நின்றுதான் சொன்னார்.

அன்றைக்கு சண்டே ஸ்கூலில் சுசீலா பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கிறிஸ்துமஸ்னா என்ன?"

"கேக்!"

"புது டிரஸ்!"

"தாத்தா வந்து மிட்டாய் குடுப்பாரு!"

"அதெல்லாம் சரி. உலகத்தையே தூக்கிச் சுமக்கிறவர், என்னை யாராவது தூக்குங்களேன்னு அழற குழந்தையா வந்தார். அதுதான் கிறிஸ்துமஸ்."

ஜன்னலோரம் நின்ற பாஸ்டரம்மா பக்கத்தில் இருந்தவரை இடித்தார். "ஆசை எங்க சுத்தி எங்க வருது பாத்தீங்களா?"

நாடகத்தன்று சாயங்காலம் சர்ச் நிரம்பி வழிந்தது. தசரதன் ஓரமாக ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மேடைப் பக்கம் அவன் பார்வையே போகவில்லை.

தேவதூதர்கள் பாடி முடித்தார்கள். மேய்ப்பர்கள் மண்டியிட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீலென்று அலறியது.

நேர் மேலே மைக். வெளியே மரத்தில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர் அந்த அழுகையை ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. மரியாள் மிரண்டு போனாள். யோசேப்பு பஞ்சுத் தாடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடிவிட்டான்.

மேடையோரம் நின்ற ராணி மேலே ஏறத் துடித்தாள். பக்கத்தில் நின்ற சுசீலா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"விடு டீச்சரு, கொயந்த அழுவுது!"

"கொஞ்சம் பொறு ராணி."

முன்வரிசையிலிருந்து பாஸ்டரம்மா எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார். "பெத்தவளையும் விட மாட்டேங்கிறா, தானும் தூக்க மாட்டேங்கிறா. ஒண்ணு பெத்திருந்தா தெரியும்!"

சுசீலாவுக்கு முகம் சிவந்தது. பிடியை விடவில்லை.

"தசரதா, அந்த மைக்கையாவது அணைப்பா!" என்றார் பாஸ்டரம்மா.

தசரதன் கை ஆம்ப்ளிஃபயர் திருகுக்குப் போய்விட்டது. ஒரு திருகு திருகியிருந்தால் முடிந்திருக்கும். அந்த செட்டில் எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறான், பாடிக் கேட்டிருக்கிறான். தன் வீட்டுக் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டில் தினம் அழுத அதே அழுகைதான். அங்கே எழுந்து வெளியே போய்விடுவான். இங்கே முடியவில்லை.

திருகை விட்டுவிட்டு மேடை ஏறினான். மூன்று பெண்களைத் தூக்கி வளர்த்த கைதானே. பழக்கம் மறக்கவில்லை. நாலாவதை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டான்.

மேலே மைக் இருப்பதை மறந்துவிட்டான் போலிருக்கிறது. அவன் சொன்னது ஊருக்கே கேட்டது.

"இன்னாத்துக்கு அழுவுற? நைனா கீறேன் இல்ல... நைனா கீறேன்டி."

அழுகை நின்றது. ராணி விசும்பியது மட்டும் மைக் இல்லாமலே கேட்டது.

பாஸ்டர் எழுதி வைத்திருந்த பிரசங்கத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஜெபத்தை மட்டும் சொல்லி முடித்தார்.

கூட்டம் கலைந்தது. சுசீலா தனியாக மேடையில் வைக்கோலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பாஸ்டரம்மா தயங்கித் தயங்கி வந்தார்.

"கையெட்டுற தூரத்துல நின்னீங்களே டீச்சர். நீங்களே தூக்கியிருக்கலாமே?"

"நானோ ராணியோ தூக்கியிருந்தா, அவர் மைக்கை அணைச்சிட்டு அங்கேயே உக்காந்திருப்பாரும்மா."

"அதுக்காக ராணி கையை அப்படியா இறுக்கிப் பிடிச்சு நிறுத்துறது?"

சுசீலா நிமிரவில்லை.

"ராணியை நிறுத்தவா பிடிச்சேன்? என் கை குழந்தையைத் தூக்கப் போயிடக் கூடாதேன்னுதாம்மா பிடிச்சுக்கிட்டேன்."