பெயருக்கு விட்ட இடம்

கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த ஐந்நூறு வருஷத்துக் காகிதம் மதிய வெயிலில் மிதப்பதுபோல் கிடந்தது. ஒருவரின் பாவத்துக்கான தண்டனை நீங்கியதென்று ஐரோப்பாவில் திருச்சபை கொடுத்த பாவமன்னிப்புச் சீட்டு. அச்சடித்த வரிகளுக்கு நடுவே, பெறுபவரின் பெயருக்கு விட்ட இடம் இன்னும் காலியாகவே இருந்தது.

“‘திருச்சபை இதை விற்றது’ன்னு போட்டுடட்டுமா சார்?” என்று கேட்டாள், அருங்காட்சியகத்தில் விளக்க அட்டை எழுதுகிறவள்.

“போடாதீங்க மேடம்,” என்றார் ஆலோசனைக்கு வந்திருந்த வரலாற்றுப் பேராசிரியர். “அது காணிக்கை. விற்பனைன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல.”

“மேசை போட்டு, பணத்தை வாங்கிட்டு, சீட்டைக் கையில குடுத்தா அதுக்குப் பேரு என்ன?”

“அது சில பேர் பண்ண அக்கிரமம். முதல்ல மனசார வருந்தணும். வாயைத் திறந்து தப்பை ஒத்துக்கணும். அப்புறம்தான் சீட்டு.”

“வருந்தாமலே பணத்தைக் குடுத்திருந்தா?”

அவர் காகிதத்திலேயே சொக்கிப்போயிருந்தார். “அப்படின்னா அது வியாபாரம்தான்.”

அவள் கைப்பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்துக் கண்ணாடிமேல் விரித்தாள்.

“என்னையும் பிள்ளையையும் விட்டுட்டுப் போய் மூணு வருஷம் ஆச்சு. போன மாசம் நம்ம வீட்டை என் பேருக்கு எழுதி அனுப்பியிருக்கீங்க. கூட ஒரு வரி இல்ல. இது காணிக்கையாங்க?”

இரண்டு காகிதங்களும் ஒரே வெயிலில் மிதந்தன. அவர் பார்வை பழைய சீட்டிலிருந்து பத்திரத்துக்கு வந்தது.

“‘விற்றது’ன்னே எழுது,” என்றார் மெல்ல.

அவள் பேனாவைத் தொடவில்லை. அவர் வாயைத் திறந்து மிச்சத்தையும் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.