மாமியின் சிங்களம்

"என்னைப் பிடிச்சு வெளியில தள்ளாத குறைதான். கேளுங்கோ இந்த அநியாயத்தை!"

மகப்பேற்று விடுதி வாசலில் கிடந்த வாங்கில் பொத்தென்று இருந்தாள் சிவக்கொழுந்து. சுடுதண்ணிப் போத்தல் மடியில் கிடந்து ஆடியது. 

பக்கத்தில் இருந்தவள் ஸுல்பிகா. மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கிண்ணியாவிலிருந்து வந்தவள். நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"ஆரக்கா தள்ளின?"

"அந்த நேர்ஸ் மிஸ்ஸிதான். உள்ளுக்கு டொக்டரும் மருமகளும் நானும் கதைச்சுக்கொண்டு நிக்கிறம். டொக்டர் அந்த மிஸ்ஸியைக் கூப்பிட்டு ஏதோ குசுகுசுத்தார். உடன வந்து என்ர தோளில கையை வைச்சு, 'எலியட்ட யண்ட' எண்டுறாள். வெளியில போகட்டாம்! நானென்ன பிச்சை கேட்டுப் போனனானோ?"

"சீ, அப்பிடியும் செய்வாங்களா!"

"என்னைத் துரத்தினது கிடக்கட்டும் தங்கச்சி. மருமகள் சுதர்ஷினி கிளிவெட்டிப் பிள்ளை, சிங்களம் ஒரு சொல்லுத் தெரியாது. டொக்டர் நேற்றுத்தான் இந்த விடுதிக்கு மாறி வந்தவராம். மாஸ்க்குக்குள்ளால வாறதெல்லாம் சிங்களம். இனி அவர் கேக்கிறது அவளுக்கு விளங்குமோ, அவள் சொல்லுறது அவருக்கு விளங்குமோ? அந்தப் பிள்ளையைக் கேளாமல் என்னத்தையும் செய்துபோட்டா ஆர் கேக்கிறது?"

ஸுல்பிகாவுக்கும் சூடேறியது. அவளுடைய தங்கைக்கும் இதே கதைதான் நடந்தது. என்ன ஏது என்று தமிழில் சொல்ல ஆளில்லாமல், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள்.

"உடப்படாதுக்கா. வயித்தக் கிழிக்கிறவங்க விளங்கச் சொல்லிட்டுத்தான் கிழிக்கணும். எழும்புங்க, பெரிய டொக்டர்கிட்டப் போவம். நானும் வாறன்."

அவள் எழுந்தே விட்டாள். சிவக்கொழுந்துக்குத் தெம்பு வந்தது.

"நான் கந்தளாயில பிறந்து வளந்தனான். சந்தையில கடை வைச்சிருந்த காலத்தில சிங்களச் சனமே என்ர கதையைக் கேட்டு மயங்கும். டொக்டரைக் கண்டவுடன நானாத்தான் சிங்களத்தில தொடங்கினன். அந்த மனிசனும் பொறுமையாப் பதில் சொன்னது."

"என்ன சொன்னாரு?"

"மூத்ததும் ஒபரேசன்தானே. இந்தமுறை ரெண்டு வழி இருக்காம். நோவெடுக்க விட்டுப் பாக்கலாமாம். ஆனா பழைய வெட்டு பிரியிறதுக்குக் கொஞ்சம் இடமிருக்காம். இல்லாட்டி திரும்ப வெட்டலாமாம். அதிலயும் கரைச்சல் இருக்காம். ரெண்டையும் பிள்ளைக்கு விளங்கப்படுத்தி, அவளின்ர விருப்பத்தைக் கேட்டுச் சொல்லட்டாம்."

"நல்ல மனுசன்தானே! சொன்னீங்களா?"

"அதெல்லாம் சொன்னா அவள் பயத்திலயே செத்துப்போவாள். 'டொக்டர் நோர்மல்தான் நல்லமெண்டுறார் பிள்ளை' எண்டன்."

எழுந்து நின்ற ஸுல்பிகா நின்றபடியே நின்றாள்.

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"அழுதாள். 'ஏலாது மாமி, போனமுறை ரெண்டு நாள் துடிச்சாப் பிறகுதானே வெட்டினவை, இந்தமுறை முதலே வெட்டச் சொல்லுங்கோ' எண்டாள். விசர்ப் பெட்டை! வெட்டினா மாசக்கணக்கா ஒரு வாளி தண்ணி தூக்கமாட்டாள். மகன் பிரசாந்தன் கட்டாரில வேலை. இந்த முழங்காலோட நான் ஆரை எண்டு பாக்கிறது? 'அவவுக்கு நோர்மல்தான் விருப்பமாம்' எண்டு டொக்டரிட்டச் சொல்லிப்போட்டன். அப்பத்தான் அவர் அந்த மிஸ்ஸியைக் கூப்பிட்டது."

ஸுல்பிகா மறுபடியும் வாங்கில் இருந்தாள். முன்னர் இருந்ததை விடக் கொஞ்சம் தள்ளி.

"என்ன, பெரிய டொக்டரிட்டப் போகேல்லையோ?"

"நீங்க போயிட்டு வாங்கக்கா."

கதவு திறந்தது. டொக்டர் வெளியே வந்தார். சிவக்கொழுந்து விசுக்கென்று எழுந்து மறித்தாள். கந்தளாய்ச் சந்தையில் பழகிய சிங்களம் மளமளவென்று வந்தது. பெற்றெடுக்கப் போகிறவள் அவள், அவளுக்கு விளங்கச் சொல்லாமல், அவளின் வாயால் கேட்காமல் ஒன்றும் செய்ய உங்களுக்கு உரிமை கிடையாது என்று, வாசலில் நின்ற சனம் திரும்பிப் பார்க்க நியாயம் கேட்டாள்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார்.

"நீங்க சொல்றது சரிதான் அம்மா. அதான் அவவிட்டயே கேட்டன். ரெண்டு வழியையும் விளங்கப்படுத்தினன். நல்லா யோசிச்சிட்டு, ஒபரேசன்தான் வேணுமெண்டு சொன்னா. நாளைக்குச் செய்வம்."

நல்ல மூதூர்த் தமிழ்.



"தம்பி... நீங்கள்... தமிழோ கதைக்கிறீங்கள்?"

"பேரு தாஹிர். ஊர் மூதூர். நீங்க சிங்களத்துல தொடங்கினீங்க, நானும் அதுலயே பதில் சொன்னன்."

பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"மருமகள்ட முன்னால வச்சு உங்களக் கேக்க மனம் வரல்ல. அதான் வெளிய இருக்கச் சொன்னன். உள்ளுக்க நீங்க ரெண்டு பேரும் தமிழ்ல கதைச்சது முழுக்க எனக்கு விளங்கின, அம்மா."