புது மெஷினில் பழைய ஜூஸ்

அப்பா மறுபடி வாந்தி எடுக்கிறார். குளியலறைத் தரையில் உட்கார்ந்து வாளியைக் கட்டிப் பிடித்திருக்கிறார். வியர்வையில் பனியன் முதுகோடு ஒட்டியிருக்கிறது. "ஹார்ட்டுதான் லா இது," என்று அம்மா அழுதுகொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் அடிக்கிறாள். வீடு முழுக்க மாம்பழ வாசனை. சிகரெட்டை விட்டதிலிருந்து அப்பா வேப் எனும் சின்ன மின்சிகரெட் ஒன்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தார். அது போதவில்லை என்று இன்று பெரிய மெஷின் வாங்கி வந்தார். ஒரே இழுப்புக்கு ஹாலே மறையும் அளவு புகை. "செலின், நீயே ஜூஸ் ஊத்திக் குடு மா," என்றார். சின்ன வேப்புக்கு வாங்கிய ஜூஸ், அதாவது புகையாக மாறும் நிக்கோட்டின் திரவம், பாதி பாட்டில் மிச்சம் இருந்தது; வீணாகக் கூடாதே என்று நான் அதையே ஊற்றினேன். அதில் நிக்கோட்டின் பல மடங்கு அதிகம், பெரிய மெஷினில் ஊற்றக் கூடாது என்று பாட்டிலிலேயே எழுதியிருக்கிறது. இப்போதுதான் படிக்கிறேன். மெஷின் மேசைமேல் இன்னும் நீலமாக மினுங்குகிறது. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கும் விமானத்தின் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அம்மாவிடமிருந்து போனைப் பிடுங்கி, ஜூஸ் மாறிப்போனதை மலாய் மொழியில் சொல்கிறேன். யார் ஊற்றியது என்பதை மட்டும் சொல்லவில்லை. அம்மாவின் அழுகை நின்றுவிடுகிறது. "யாரு ஊத்துனது?" அப்பா வாளியிலிருந்து தலையைத் தூக்குகிறார். "நான்தான் லா. கண்ணு தெரியாம ஊத்திட்டேன்." அம்மா அவரைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்க்கிறாள். "அப்ப பாட்டில் ஏன்டி உன் கையில இருக்கு?"