தலைக்கு எண்ணூறு

“தலைக்கு மாசம் எண்ணூறுதான் மாமா. உங்க கம்பெனியில இருநூத்திப் பன்னிரண்டு தலை. அதைக் கொண்டுவந்து போடுற செலவு மட்டும் தனி. ஒரே தடவைதான், இருபது லட்சம்” என்றான் முதலாளியின் அக்கா மகன்.

மெத்தைக் கம்பெனி முதலாளி மருமகனைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொள்முதல் மேனேஜரைப் பார்த்தார். ஊசி, நூல், பஞ்சு என்று கம்பெனிக்குள் நுழைகிற எந்தச் சரக்கின் விலையும் மேனேஜரின் வாயில் விழுந்து பாதியாகத்தான் வெளியே வரும்.

“நீ விக்கிறது என்னன்னு இன்னொரு தடவை சொல்லு” என்றார் முதலாளி.

“கம்பெனியில யாரு, என்ன, யாருக்கு எந்தக் கதவு திறக்கணும், யாரு எந்த பில்லுல கையெழுத்துப் போடலாம், எல்லாத்தையும் பாத்துக்கிற சாஃப்ட்வேர் மாமா. அசல் ஆளைத் தவிர ஒரு ஈ உள்ள வராது.”

“அதுக்கு இருநூத்திப் பன்னிரண்டு தலை எதுக்குடா? வாட்ச்மேன் ரெண்டு பேரும் ரெட்டைப் பிள்ளைங்க. ஒரே மூஞ்சி. அவங்களை ஒரு தலையா போட்டுக்க.”

“அந்தக் குழப்பம் வரக் கூடாதுன்னுதான் மாமா இந்த சாஃப்ட்வேரே.”

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இந்தப் பேரம் படியக் கூடாது. எத்தனையோ பேரங்களை முடித்துக் கொடுத்தவருக்கு, ஒரு பேரத்தை முறித்துப் போடுவது எப்படி என்று பிடிபடவில்லை. வந்திருப்பவனோ அக்கா மகன். விலை மட்டும் கொஞ்சம் வாகாக வந்துவிட்டால், அக்கா முகத்துக்காகவாவது முதலாளி வாங்கிப் போட்டுவிடுவார்.

“வாங்குற விலை ஒண்ணு, போடுற விலை ஒண்ணா தம்பி? நாங்களும்தான் மெத்தை விக்கிறோம். படுக்குறதுக்குத் தனியா காசு கேக்குறோமா?” என்றார் கடுகடுப்பாக.

“சரி சார், போடுற செலவுல பாதி.”

முதலாளி சந்தோஷத்தில் தொடையைத் தட்டிக்கொண்டார். மேனேஜர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பாழாய்ப்போன பழக்கதோஷம். இனி வாயைத் திறப்பதில்லை என்று சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அரை நிமிடம் போயிற்று. மருமகன் நாற்காலியில் நெளிந்தான்.

“தலைக்கு நானூறு.”

மேனேஜர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இருநூறு சார். இதுக்குக் கீழ போனா என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க.”

“பாத்தியா, மனுஷன் வாயே திறக்கல. அறுநூறு இறங்கியாச்சு” என்றார் முதலாளி பூரிப்போடு.

வேறு வழி தெரியாமல் மேனேஜர் தலைகீழாகப் பேசிப் பார்த்தார். “தம்பி, இது ரொம்ப ஒசத்தியான சரக்கு. எண்ணூறே கம்மி. ஆயிரத்துக்குக் குறைச்சு நீங்க குடுக்கவே கூடாது.”

மருமகனின் முகம் செத்துப்போயிற்று. “குத்திக் காட்டாதீங்க சார். முதல் மூணு வருஷம் சும்மாவே வச்சுக்கோங்க. போடுற செலவும் வேண்டாம். மாமா கம்பெனியே வாங்கியிருக்குன்னு வெளியில நாலு பேர்கிட்ட சொல்லிக்கிறேன், அது போதும் எனக்கு.”

முதலாளி சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி மூடியைக் கழற்றினார். “கையெழுத்து எங்கடா போடணும்?”

“ஒரு நிமிஷம் முதலாளி.” மேனேஜரின் குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. “தம்பி, இதைப் போடும்போது எங்க ஆளுங்க என்ன செய்யணும்?”

“பெருசா ஒண்ணுமில்ல சார். ஒவ்வொருத்தரா வந்து, வேலைக்குச் சேர்ந்தப்ப குடுத்த ஆர்டரைக் காட்டணும். ஆளுக்கு ஒரு மணி நேரம்.”

“இருநூத்திப் பன்னிரண்டு மணி நேரம். அது போகட்டும். பத்து இருபது வருஷத்துக்கு முன்னாடி குடுத்த காகிதத்தை எவன் பத்திரமா வச்சிருக்கான்? தேடுறேன்னு ரெண்டு நாள் லீவு போடுவான். கிடைக்கலன்னு வந்து நிப்பான். அப்புறம் நாமதான் புது ஆர்டர் அடிச்சுக் குடுக்கணும். முதலாளி, புது ஆர்டர்ல பழைய சம்பளத்தையே போடுங்கன்னு சொல்ற நல்லவன் நம்ம கம்பெனியில எத்தனை பேர் இருக்கான்?”

முதலாளி மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். ஒருவரும் தேறவில்லை. பேனாவின் மூடி திரும்பவும் ஏறியது.

“அடேய், சும்மா குடுக்கிறேன்னு சொல்லி என் குடியைக் கெடுக்க வந்தியா?” என்றார் மருமகனிடம். “எனக்கு எதுக்குடா இதெல்லாம்? ஒவ்வொரு மூஞ்சியும் எனக்கு அத்துப்படி. இதோ இவரு, பதினோரு வருஷமா என் கண்ணு முன்னாடியே இருக்காரு. இவரு யாருன்னு ஒரு கம்ப்யூட்டர் வந்து எனக்குச் சொல்லணுமா?”

“அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா” என்று மருமகன் லேப்டாப்பை மூடினான்.

“உங்கம்மாகிட்டயும் இவரையே பேச அனுப்புறேன், போ.”

மேனேஜர் தன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பாட்டில் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். பதினோரு வருடங்களுக்கு முன்னால் நேர்காணல் முடிந்து வெளியே வந்தவர், மழை விடட்டும் என்று காலியாகக் கிடந்த இந்த அறையில் ஒதுங்கினார். யாரோ ஒரு ஃபைலை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், மறுநாள் வந்து இன்னும் நாலு ஃபைலில் போட்டார், மாதக் கடைசியில் சம்பளமும் வந்தது. வேலை உண்டா இல்லையா என்று கடிதம் போட்டுத் தெரிவிப்பதாக அன்றைக்குச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதம் இன்னும் வரவில்லை.