புது ஆளிடம் வாய் வராது

ஒத்தக்கடையில் கீரை விற்கும் மொக்கையனை இருபது வருடமாகப் பார்த்த டாக்டர் ஓய்வுபெற்றுவிட்டார். அதே கிளினிக்குக்குப் புது டாக்டர் வந்து எட்டு மாதமாகியும் மொக்கையன் அங்கே எட்டிப் பார்க்கவில்லை.

"கால் எரிச்சல் கூடிக்கிட்டே போகுது. வாங்க, காட்டிட்டு வருவோம்," என்றாள் மனைவி ஜெயக்கொடி.

"புது ஆளுகிட்ட எனக்கு வாயே வராது."

ஆனால் தினமும் கீரை வாங்க வரும் தமிழ்வாணியிடம் கால் எரிச்சல், தூக்கம் வராதது என்று எல்லாவற்றையும் கொட்டுவார்.

ஒருநாள் தமிழ்வாணி கண்டிப்பாகச் சொன்னார்: "இனியும் தள்ளிப்போடாதீங்கண்ணே. நாளைக்கே டாக்டரப் பாருங்க."

அந்தப் பேச்சைத் தட்ட முடியாமல் மறுநாள் ஜெயக்கொடியோடு போனார். உள்ளே டாக்டர் நாற்காலியில் தமிழ்வாணி உட்கார்ந்திருந்தார்.

"ஏந்தாயி, டாக்டர்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா கீரை விலையத் தவிர வேற ஏதாச்சும் பேசியிருப்பீங்களாண்ணே?"

மொக்கையன் சிரித்துக்கொண்டே காலை நீட்டினார்.