இருநூறு ரூபாய்ப் பாசம்

"இந்தத் தீபாவளிக்குச் சீட்டுக் குலுக்கி, ஒருத்தர் ஒருத்தருக்குக் குடுத்தாப் போதுங்க. வருசத்துக்கு ஒரே பரிசு, எரநூறு ரூபாய்க்குள்ள," என்று சொந்தபந்தங்களிடம் அறிவித்தார் ஏற்காட்டில் இரண்டு விடுதிகள் நடத்தும் தனபால்.

வெள்ளக்கடையில் எஸ்டேட் வேலைக்குப் போகும் தங்கை சாந்தாமணி நெகிழ்ந்துபோனாள். "எங்களாட்டம் இல்லாதவங்கள நெனச்சுப் பாத்தீங்களேண்ணா!"

குலுக்கலில் அவள் பெயர் அண்ணனுக்கே வந்தது. தீபாவளியன்று ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸைக் கொடுத்தார்.

"நொம்பச் சந்தோசங்கண்ணா. அடுத்த வாரம் சேர்வராயன் கோயில்ல பாப்பா காதுகுத்துக்கு மறக்காம வந்துருங்க. தாய்மாமன் தங்கத் தோடு போடோணுமல்ல?"

"வருசத்துக்கு ஒண்ணுன்னுதான பேசுனோம், கண்ணு? அதான் இப்பக் குடுத்துட்டேனே!"

சாந்தாமணிக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது.

"சரிங்கண்ணா. பாப்பா உக்கார வேற மடி பாத்துக்கறோம்," என்றவள், டிபன் பாக்ஸை அவர் மடியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.